சிவகிரிக்கும் ஒரு முறை வேண்டும்

குவாண்டம் கணினி சிவகிரிக்கு வராது. வர வேண்டிய அவசியமும் இல்லை.

ராஜபாளையத்துக்கும் வாசுதேவநல்லூருக்கும் இடையே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கும் ஊர் சிவகிரி. மலையிலிருந்து இறங்கும் ஓடைத் தண்ணீர் குளங்களில் தேங்கி நெல்லுக்கும் கரும்புக்கும் பாய்கிறது. 2019 நவம்பர் 22-ல் தென்காசி தனி மாவட்டமானபோது திருநெல்வேலியிலிருந்து பிரிந்து வந்த ஊர்களில் இதுவும் ஒன்று. இங்கே குவாண்டம் கணினியை வைக்க முடியாது என்பதில் ஊருக்கு எந்தக் குறையும் இல்லை. நம் நாட்டின் பெரும்பாலான பல்கலைக்கழகங்களாலேயே வைத்துக் கட்டி மேய்க்க முடியாத இயந்திரம் அது. இன்று அதிகம் பேசப்படும் வகையில், மீகடத்தியால் ஆன ஒரு சிறு சில்லுதான் கணக்குப் போடுகிறது. அந்தச் சில்லு ஒழுங்காக நடந்துகொள்ள வேண்டுமானால் அதைச் சுற்றியுள்ள வெப்பநிலை 15 மில்லிகெல்வின் அளவுக்கு இறங்க வேண்டும். விண்வெளியின் வெறுமையே 2.7 கெல்வின். அதைவிட நூறு மடங்குக்கு மேல் குளிரான ஒரு பெட்டியை, ஹீலியம்-3, ஹீலியம்-4 கலவையை ஓடவிட்டு, இரவு பகலாகக் காக்க வேண்டும். சில்லோடு பேச நுண்ணலைக் கருவிகள் வேண்டும், அளவுகளைத் திருத்திக்கொண்டே இருக்க ஆய்வாளர்கள் வேண்டும். செலவு கோடிகளில் போகும்.

ஆனால் அந்தக் கணினியில் ஒரு கணக்கை ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பு சிவகிரிக்கு வரலாம். கொஞ்சம் வந்தும்விட்டது. இணைய இணைப்பும் மடிக்கணினியும் உள்ள ஒரு கல்லூரி மாணவி, சிவகிரித் தெரு ஒன்றில் உட்கார்ந்தபடி, கடல் தாண்டி இருக்கும் உண்மையான குவாண்டம் கணினிக்கு வேலை கொடுத்து விடையை வாங்க முடியும். அந்த வாய்ப்பு இன்று யாரோ ஒருவர் மனமுவந்து தருவது. அது நம் பிள்ளைகளின் உரிமையாக மாற வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கவலை.

மடை யார் கையில்?

2016 மே 4 அன்று ஐ.பி.எம். நிறுவனம், நியூயார்க் மாநிலத்தில் உள்ள தன் ஆய்வகத்தில் இருந்த ஐந்து கியூபிட் (குவாண்டம் பிட்) கணினியை இணையம் வழியாக எல்லோருக்கும் திறந்துவிட்டது. அதுவரை குவாண்டம் கணினியைத் தொட்டவர்கள் உலகம் முழுவதிலும் சில ஆய்வகங்களில் இருந்தவர்கள் மட்டுமே. அடுத்த ஆண்டு கிஸ்கிட் என்ற மென்பொருளையும் திறந்த மூலமாக, யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் ஏற்றதாக வெளியிட்டது. பைத்தான் மொழியில் பத்துப் பதினைந்து வரிகளில் ஒரு சர்க்யூட்டை, அதாவது கியூபிட்டுகளுக்கான கட்டளை வரிசையை, எழுதி அனுப்பினால், அது வரிசையில் நிற்கும். முறை வந்ததும் ஓடும். ஒரே சர்க்யூட்டை ஆயிரக்கணக்கான தடவை ஓட்டி, எந்த விடை எத்தனை தடவை வந்தது என்ற பட்டியல் திரும்பி வரும்.

குளத்துப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்க வேண்டியதில்லை. குளம் ஊருக்குப் பொது, மடை ஒன்று, வயல்கள் பல. முறை வைத்துத்தான் தண்ணீர் விட முடியும். முதல் மடைக்காரரின் வயல் நிரம்பி வழியும்போது கடைமடைக்காரரின் பயிர் காய்ந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் ஊர் கூடி முறை எழுதுகிறது. குவாண்டம் கணினியைப் பகிர்வதிலும் கேள்விகள் இவையே. மடை யார் கையில் இருக்கிறது? முறையை எழுதுவது யார்? கடைமடைக்கு எவ்வளவு வந்து சேரும்?

இப்போதைக்கு மடை பெரும்பாலும் அயல்நாட்டு நிறுவனங்களின் கையில். 2025 கணக்குப்படி ஐ.பி.எம். தரும் இலவசக் கணக்கில், 28 நாளைக்குப் பத்து நிமிடம் அவர்களுடைய நூறு கியூபிட்டுக்கு மேற்பட்ட கணினிகளை ஓட்டலாம். பத்து நிமிடம்தானா என்று கேட்கத் தோன்றும். சிறிய சர்க்யூட் ஒன்றை நாலாயிரம் தடவை ஓட்டுவதற்குச் சில நொடிகளே பிடிக்கும் என்பதால், வீட்டிலேயே சரிபார்த்துவிட்டு அனுப்பும் மாணவருக்கு இது நிஜமாகவே பயன்படும் நேரம்தான். அதே கணக்குப்படி, அதற்கு மேல் வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 96 டாலர், நம் பணத்தில் எட்டாயிரம் ரூபாய்க்கு மேல். தென்காசி மாவட்டத்தில் ஒரு கல்லூரி இயற்பியல் துறை இந்த விலையில் எத்தனை நிமிடம் வாங்க முடியும் என்று சொல்லத் தேவையில்லை.

விலையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. 2024 மே 15 அன்று ஐ.பி.எம். தன் இணையவழி நிரல் எழுதும் கூடத்தையும், கிளவுடில் வைத்திருந்த சிமுலேட்டர்களையும் (குவாண்டம் கணினியைப் போல் நடித்துக் காட்டும் சாதாரணக் கணினி நிரல்கள்) மூடியது. மாணவர்கள் பயின்ற ஐந்து, ஏழு கியூபிட் சிறு கணினிகளையும் ஒவ்வொன்றாக ஓய்வு கொடுத்து அனுப்பியது. நிறுவனத்தின் பார்வையில் அதற்குத் தகுந்த காரணங்கள் உண்டு. பெரிய கணினிகள் வந்த பிறகு சிறியவற்றைப் பராமரிப்பது வீண்செலவு. எட்டு ஆண்டு இலவசமாகக் கொடுத்ததே பெரிய காரியம், அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கூடத்தை நம்பிப் பாடம் தயாரித்த ஆசிரியர், ஒரு பருவத்தின் நடுவில் எல்லாவற்றையும் மாற்றி எழுத நேர்ந்தால் அவர் யாரிடமும் முறையிட முடியாது. அந்த ஆண்டு செப்டம்பரிலேயே அமெரிக்க வணிகத் துறை குவாண்டம் கணினிகளையும் அவற்றின் முக்கியப் பாகங்களையும் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. ஒரே மடையை நம்பிப் பயிர் வைப்பது புத்திசாலித்தனம் இல்லை.

மடிக்கணினியில் எவ்வளவு தூரம்?

கியூபிட் என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் கணக்காகவே பார்த்துவிடலாம். சாதாரணக் கணினியின் ஒரு பிட் 0 ஆக இருக்கும், இல்லாவிட்டால் 1 ஆக இருக்கும். ஒரு கியூபிட்டின் நிலையை எழுத இரண்டு கலப்பெண்கள் வேண்டும்: 0 பக்கத்துக்கு ஒன்று, 1 பக்கத்துக்கு ஒன்று. இரண்டு கியூபிட்டுக்கு நான்கு எண்கள், மூன்றுக்கு எட்டு. கியூபிட் ஒன்று கூடினால் எண்களின் தொகை இரட்டிக்கும். சர்க்யூட்டில் உள்ள ஒவ்வொரு கேட்டும், அதாவது ஒவ்வொரு கட்டளையும், இந்த எண்களை மாற்றும். அவை ஒன்றோடொன்று சேர்ந்து பெருகவும் செய்யும், ஒன்றையொன்று அழிக்கவும் செய்யும். தவறான விடைகளுக்குரிய எண்கள் அழிந்து சரியான விடைக்குரிய எண் ஓங்கும்படி சர்க்யூட்டை அமைப்பதில்தான் திறமை இருக்கிறது. எல்லா விடைகளையும் ஒரே நேரத்தில் முயன்று பார்க்கும் மாயக் கணினி என்று எழுதுவது பாதிதான் சரி. அளந்து பார்க்கும்போது ஒரு தடவைக்கு ஒரு விடைதான் கையில் கிடைக்கும்.

இந்தக் கணக்கில் சிவகிரிக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. ஒரு கலப்பெண்ணை வைக்க 16 பைட் இடம் போதும். 20 கியூபிட்டின் முழு நிலையையும் 16 எம்.பி.யில் எழுதிவிடலாம். 28 கியூபிட்டுக்கு 4 ஜி.பி. வேண்டும். எட்டு ஜி.பி. நினைவகம் உள்ள சாதாரண மடிக்கணினியே இதைத் தாங்கும். கல்லூரிப் பாடத்தில் வரும் பயிற்சிகளுக்கு ஐந்திலிருந்து பத்து கியூபிட் போதுமானது. அதாவது, குவாண்டம் கணினியியலைக் கற்றுக்கொள்ளத் தொடங்க குவாண்டம் கணினியே தேவையில்லை. கிஸ்கிட்டை ஒரு முறை இறக்கி வைத்துக்கொண்டால், மழைக்காலத்தில் இணையம் அறுந்து கிடந்தாலும் வேலை நடக்கும்.

அதற்கு மேல் போகப் போகத்தான் மலை செங்குத்தாகிறது. 30 கியூபிட்டுக்கு 16 ஜி.பி., 35-க்கு 512 ஜி.பி., 40-க்கு 16 டெராபைட், 50-க்கு அதைப்போல் ஆயிரம் மடங்கு. முப்பதுகளில் உள்ள கணக்குகளுக்கு மீத்திறன் கணினி வேண்டும். அது தமிழ்நாட்டிலேயே இருக்கிறது: திருச்சி என்.ஐ.டி.யில் 2022 மே மாதம் தேசிய மீத்திறன் கணினித் திட்டத்தின் கீழ் நிறுவப்பட்ட 838 டெராஃபிளாப் ‘பரம் பொருள்’. பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் ரூர்க்கி ஐ.ஐ.டி.யும் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கும் சேர்ந்து 2021 ஆகஸ்டில் கியூசிம் என்ற சிமுலேட்டரை வெளியிட்டன. உண்மையான குவாண்டம் கணினியில் வரும் பிழைகளையும் சேர்த்துப் பாவித்துக் காட்டுவது அதன் சிறப்பு.

அந்தப் பிழைகள்தான் இந்தத் துறையின் உயிர்நாடியான பிரச்சினை. மடிக்கணினியில் ஓட்டும் சர்க்யூட் புத்தகத்தில் உள்ளபடி விடை தரும். நிஜக் கணினியில் அதே சர்க்யூட், வரக்கூடாத விடைகளையும் பட்டியலில் கலந்து அனுப்பும். கியூபிட்டுகள் தம் நிலையை மைக்ரோநொடிகளில் மறந்துவிடுகின்றன, பக்கத்துக் கியூபிட்டுக்குக் கொடுத்த கட்டளை இதையும் உரசிவிட்டுப் போகிறது. இந்த அழுக்கைக் கண்ணால் பார்த்து, அதைக் குறைக்கும் வழியைத் தேடும்போதுதான் ஒருவர் இந்தத் துறைக்காரர் ஆகிறார். அதற்காகத்தான், எவ்வளவு சின்ன நேரமானாலும், நிஜ இயந்திரத்தில் ஒரு முறை வேண்டும் என்கிறோம்.

வில்லியனூரிலிருந்து வீராம்பட்டினத்துக்கு

பெரிய கணினியை முறை வைத்துப் பகிர்ந்துகொள்வது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1973-ல் ஜெர்மனியின் உதவியோடு சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 370/155 வந்தது. அட்டையில் துளையிட்ட நிரலைக் கொடுத்துவிட்டு விடைக்காகக் காத்திருந்த காலம் அது. இந்த மாநிலத்தில் கணினித் துறைக்குப் பிள்ளையார் சுழி போட்டவை அந்தக் காலத்து இயந்திரங்களின் வரிசைகள்தான்.

அதைவிட நமக்கு நெருக்கமான முன்னுதாரணம் ஒன்று இருக்கிறது. 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பகுதியில் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. வில்லியனூரில் நடு மையம். அங்கிருந்து கம்பியில்லாத் தொடர்பில் சுற்றுக் கிராமங்களுக்குச் செய்தி போகும். வீராம்பட்டினம் மீனவர்களுக்கு, அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வரும் அலை உயர முன்னறிவிப்பை எடுத்து, ஒலிபெருக்கியில் தமிழில் சொன்னார்கள். கடலுக்குப் போகிறவர் கணினியைத் தொட வேண்டியிருக்கவில்லை, ஆங்கிலம் படிக்க வேண்டியிருக்கவில்லை. எங்கோ இருந்த மீத்திறன் கணினியின் விடை கரையில் அவருக்குப் பயன்பட்டது. மையங்களை நடத்தியவர்கள் உள்ளூர்த் தன்னார்வலர்கள், அவர்களில் பலர் பெண்கள்.

அந்தத் திட்டத்தின் பலமே, நடு மையத்துக்கும் ஊருக்கும் நடுவில் விஷயம் தெரிந்த, ஊர்மொழியில் பேசுகிற ஒருவரை வைத்ததுதான். கம்பி மட்டும் போதாது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் ஃபைபரால் இணைக்கும் மத்திய அரசின் பாரத்நெட் வேலையை மாநில அரசின் டான்ஃபினெட் நிறுவனம் கையில் எடுத்திருக்கிறது. ஃபைபர் வந்துவிட்டால், அதன் முனையில் என்ன வைக்கப்போகிறோம், யாரை உட்கார வைக்கப்போகிறோம் என்பதுதான் அடுத்த கேள்வி.

தென்காசி மண்ணில் இது நடக்காது என்று நினைப்பவர்கள் மத்தளம்பாறைக்குப் போய்ப் பார்க்கலாம். சிவகிரியிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் அளவில், குற்றால மலையின் அடியில், 2011 முதல் சோஹோ நிறுவனம் அங்கே அலுவலகம் நடத்துகிறது. உலகம் முழுக்க விற்கும் மென்பொருளை அங்கே எழுதுகிறார்கள். நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு அந்தக் கிராமத்துக்கே குடிவந்தார். மாநகரத்துக்குப் போனால்தான் கணினி வேலை என்ற எண்ணத்தை இந்த மாவட்டம் ஏற்கெனவே ஒரு முறை உடைத்துக் காட்டியிருக்கிறது.

நம் பணம், நம் கணினி, யாருடைய முறை?

2023 ஏப்ரல் 19 அன்று மத்திய அமைச்சரவை 6,003.65 கோடி ரூபாயில் தேசிய குவாண்டம் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2030-31 வரை ஓடும் திட்டம் இது. எட்டு ஆண்டுகளில் 50 முதல் 1,000 கியூபிட் வரையிலான கணினிகள், இரண்டாயிரம் கிலோமீட்டர் தூரத்துக்குப் பாதுகாப்பான குவாண்டம் தொடர்பு என்பவை இலக்குகள். நான்கு மையங்களில் கணினிக்குப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், தகவல் தொடர்புக்கு மத்திய அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு மையமான சி-டாட்டோடு சேர்ந்து சென்னை ஐ.ஐ.டி., உணர்கருவிகளுக்கு மும்பை ஐ.ஐ.டி., பொருள்களுக்கு தில்லி ஐ.ஐ.டி.

கணினிகளும் வரத் தொடங்கிவிட்டன. 2024 ஆகஸ்டில் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் புனேயில் உள்ள டி.ஆர்.டி.ஓ.வின் இளம் விஞ்ஞானிகள் ஆய்வகமும் ஆறு கியூபிட் செயலி ஒன்றை முழுமையாகச் சோதித்து முடித்தன. அதில் என் கவனத்தை ஈர்த்தது கியூபிட் எண்ணிக்கை அல்ல. டி.சி.எஸ். உருவாக்கிய கிளவுட் வாசல் வழியாகச் சர்க்யூட்டை அனுப்பி, இயந்திரத்தில் ஓட்டி, விடையைத் திரும்பப் பெற்றதையும் சேர்த்துத்தான் அவர்கள் சோதனை முடிந்தது என்றார்கள். தொலைவில் இருந்து பயன்படுத்தும் வழியை இயந்திரத்தோடு சேர்த்தே கட்டியிருக்கிறார்கள். 2025 ஏப்ரலில் பெங்களூரின் கியூபை-ஏ.ஐ. நிறுவனம் 25 கியூபிட் கணினியை அறிவித்தது. ஆந்திர அரசு அமராவதியில் ஐ.பி.எம்.மின் 156 கியூபிட் கணினியை நிறுவ டி.சி.எஸ்.ஸோடும் ஐ.பி.எம்.மோடும் கைகோத்திருக்கிறது.

ஆக, குளம் வெட்டும் வேலை நடக்கிறது. முறை எழுதும் வேலைதான் நடக்கவில்லை. மக்கள் பணத்தில் நிற்கும் ஒரு குவாண்டம் கணினியில், மாவட்டக் கல்லூரிகளுக்கு இத்தனை விழுக்காடு நேரம் என்று எழுத்தில் ஒதுக்க வேண்டும். ஒதுக்காவிட்டால் என்ன ஆகும் என்பது தெரிந்த கதை: பெரிய ஆய்வு நிறுவனங்களும் பணம் கட்டும் நிறுவனங்களும் வரிசையின் முன்னால் நிற்கும், மிச்சம் இருந்தால் மற்றவர்களுக்கு.

ஐரோப்பியர்கள் இதை வேறு மாதிரி யோசித்தார்கள். 2022 அக்டோபரில் அவர்களுடைய மீத்திறன் கணினிக் கூட்டமைப்பு, செக் குடியரசு, ஜெர்மனி, ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலி, போலந்து என்று ஆறு நாடுகளில் ஆறு குவாண்டம் கணினிகளை வைக்கத் தீர்மானித்தது. எல்லாவற்றையும் ஒரே தலைநகரத்தில் குவிக்கவில்லை, எல்லாவற்றையும் ஒரே தொழில்நுட்பத்தில் வாங்கவும் இல்லை. எங்கே இருந்தாலும் ஐரோப்பிய ஆய்வாளர் விண்ணப்பித்துப் பயன்படுத்தலாம். ஒன்று பழுதானாலும் மற்றவை இருக்கும். பரவலாக்கம் என்பதற்கு நான் பார்த்தவரையில் இதுவே சரியான பொருள்.

ஆயிரம் கோடியில் ஒரு ஒளித்துகள்

பகிர்தல் இன்று இணையம் வழியாக நடக்கிறது. சர்க்யூட் சாதாரண எழுத்தாகப் போகிறது, விடை சாதாரண எண்களாக வருகிறது. ஆனால் குவாண்டம் கணினிகளையே ஒன்றோடொன்று குவாண்டம் முறையில் கோத்து, பல சிறியவற்றை ஒரு பெரியதாக்கும் முயற்சியும் ஆய்வகங்களில் நடக்கிறது. 2025 பிப்ரவரியில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் ‘நேச்சர்’ இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சுமார் இரண்டு மீட்டர் இடைவெளியில் இரண்டு அயனிக் கணினிகள், நடுவில் ஒளியிழை. ஒன்றில் உள்ள கியூபிட்டும் மற்றதில் உள்ள கியூபிட்டும் ஒரே கேட்டில் சேர்ந்து வேலை செய்தன. அந்த இணைப்பில் அவர்கள் ஓட்டிக் காட்டியது குரோவர் தேடல் முறை. 71 விழுக்காடு தடவை சரியான விடை வந்தது. அந்த முறையை 1996-ல் பெல் ஆய்வகத்தில் கண்டுபிடித்த லவ் குரோவர் தில்லி ஐ.ஐ.டி.யில் படித்தவர்.

இரண்டு மீட்டரை இருநூறு கிலோமீட்டர் ஆக்குவது எளிதல்ல. நல்ல ஒளியிழையிலும் நூறு கிலோமீட்டர் போவதற்குள் நூறு ஒளித்துகளில் தொண்ணூற்றொன்பது தொலைந்துபோகும். ஐந்நூறு கிலோமீட்டருக்கு, ஆயிரம் கோடி அனுப்பினால் ஒன்று வந்து சேரும். சாதாரணத் தொலைத்தொடர்பில் இடையிடையே பெருக்கி வைத்துச் சமாளிக்கிறோம். குவாண்டம் நிலையை அப்படிப் பெருக்க முடியாது. தெரியாத ஒரு குவாண்டம் நிலையை நகலெடுக்கவே முடியாது என்பது 1982-ல் நிறுவப்பட்ட தேற்றம். அதனால் நிலையைக் கொஞ்ச நேரம் பிடித்துவைக்கும் குவாண்டம் நினைவகமும், இணைப்பைக் கட்டம் கட்டமாக நீட்டும் ரிப்பீட்டரும் வேண்டும். இரண்டும் இன்னும் ஆய்வகத்தில்தான். சென்னையில் ஐ.ஐ.டி., தரமணியில் உள்ள செட்ஸ் நிறுவனம், சி-டாக் மூன்றும் சேர்ந்து மாநகர அளவில் குவாண்டம் வலையமைப்பு ஒன்றைச் சோதித்திருக்கின்றன. ரகசியச் சாவிகளைக் குவாண்டம் முறையில் பரிமாறுவது அதன் நோக்கம். சிவகிரிக்கும் சென்னைக்கும் இடையே அப்படி ஒரு இழை எப்போது என்று நாள் குறிப்பவர்களை நம்ப வேண்டாம்.

ஒரு கண்டுபிடிப்பை மட்டும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 2009-ல் பிராட்பென்ட், ஃபிட்ஸ்சிமன்ஸ், கஷேஃபி மூவரும், பிறருடைய குவாண்டம் கணினியில் நம் கணக்கை ஓட்டும்போது, என்ன கணக்கு என்பதே கணினியின் சொந்தக்காரருக்குத் தெரியாமல் ஓட்ட முடியும் என்று காட்டினார்கள். 2012-ல் வியன்னாவில் சிறிய அளவில் செய்தும் பார்த்தார்கள். மடை ஒருவர் கையில் இருந்தாலும் நம் வயலில் என்ன பயிர் என்று அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. இயந்திரத்தைப் பகிர்ந்துகொண்டுதான் ஆக வேண்டும் என்ற நிலையில் இருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இதைவிட ஆறுதலான கணிதம் இல்லை.

தமிழில் ஒரு வாசல்

கிஸ்கிட் ஆவணங்கள் மொழிபெயர்க்கப்பட்டபோது அந்தப் பட்டியலில் ஜப்பானியம், கொரியம், ஜெர்மன், பிரெஞ்சு, வங்காளம் ஆகியவற்றோடு தமிழும் இருந்தது. யாரும் வந்து சேர்ந்துகொள்ளும் பொதுப் பணியாக, தன்னார்வலர்கள் வரி வரியாகச் செய்த வேலை அது. பரவலாக்கப்பட்ட வலையமைப்பு என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் நான் முதலில் அதைத்தான் சொல்வேன். முகம் தெரியாதவர்கள் பல ஊர்களில் உட்கார்ந்து ஒரே நூலைத் தமிழாக்கியிருக்கிறார்கள்.

பாடத்துக்கும் பஞ்சமில்லை. சென்னை ஐ.ஐ.டி.யின் பிரபா மண்டயம் ஐ.பி.எம். ஆய்வாளர்களோடு சேர்ந்து என்.பி.டி.இ.எல். இணையவழிப் பாடத் தளம் வழியாகக் குவாண்டம் அல்காரிதங்கள், கிஸ்கிட் பற்றிய பாடத்தை இலவசமாகத் தந்தார். 2022-ல் சென்னை ஐ.ஐ.டி. ஐ.பி.எம். குவாண்டம் வலையமைப்பில் உறுப்பினராகவும் சேர்ந்தது. 2024 டிசம்பரில் தொழில்நுட்பக் கல்வியை முறைப்படுத்தும் ஏ.ஐ.சி.டி.இ., குவாண்டம் தொழில்நுட்பத்தை இளநிலை மாணவர்கள் துணைப்பாடமாகப் படிக்கப் பாடத்திட்டம் வெளியிட்டது. குறை எங்கே என்றால், இவை அனைத்தும் ஆங்கிலத்திலும் ஐ.ஐ.டி. வேகத்திலும் இருக்கின்றன. தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்து, சுரண்டை அரசுக் கல்லூரியிலோ குற்றாலம் பராசக்தி கல்லூரியிலோ இயற்பியல் சேர்ந்த பெண்ணுக்கு முதல் மூன்று வாரம் கைபிடித்து நடத்த ஒருவர் வேண்டும். அதன் பிறகு அவள் தானே ஓடுவாள்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். குவாண்டம் கணினியை மக்களுக்குப் பகிர்கிறோம், எங்கள் நாணயத்தை வாங்கினால் உங்களுக்கும் பங்கு என்று பிளாக்செயின் பெயரைச் சொல்லிப் பணம் திரட்டும் அழைப்புகள் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. உங்கள் மடிக்கணினியை வாடகைக்கு விட்டால் அது குவாண்டம் கணினியின் பகுதியாகிவிடும் என்பார்கள். ஆகாது. ஆயிரம் மடிக்கணினிகளைக் கோத்தாலும் அது சாதாரணக் கணினிகளின் கூட்டம்தான். இன்று ஒருவர் குவாண்டம் நேரம் தருகிறேன் என்றால் அவரிடம் கேட்க வேண்டியது, இயந்திரம் எங்கே இருக்கிறது, யார் செய்தது, அதன் பிழை அளவு என்ன, நான் ஒரு சர்க்யூட் அனுப்பி இப்போதே விடை பார்க்கலாமா என்பதைத்தான். பதில் வராவிட்டால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வேலை உறுதி என்று சொல்லிப் பல்லாயிரம் கட்டணம் வாங்கும் சான்றிதழ் வகுப்புகளுக்கும் இதே பதில்தான். இன்றைய குவாண்டம் கணினிகள் அன்றாடக் கணக்குகளில் எந்த நல்ல கணினியையும் இன்னும் வெல்லவில்லை. அந்த உண்மையைச் சொல்லிவிட்டுக் கற்றுத் தருபவரே நல்ல ஆசிரியர்.

என்ன கேட்கலாம்?

திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990-ல் தொடங்கியது. தென்காசி மாவட்டக் கல்லூரிகள் பலவும் அதன் கீழ் வருகின்றன. தென் மாவட்டங்களுக்கான குவாண்டம் நடு மையம் ஒன்றை அபிஷேகப்பட்டி வளாகத்தில் வைக்க அந்தப் பல்கலைக்கழகம் தேசிய குவாண்டம் திட்டத்திடம் கேட்க வேண்டும். இதற்குப் புதுக் கட்டடமோ மில்லிகெல்வின் குளிரூட்டியோ தேவையில்லை. திருச்சியின் பரம் பொருளில் ஒரு பங்கு நேரம், மும்பையிலும் பெங்களூரிலும் மக்கள் பணத்தில் உருவான கணினிகளில் மாதத்துக்கு இத்தனை மணி என்று எழுதிய முறை, ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களின் கிளவுடில் கணக்கு, கல்லூரிக்குக் கல்லூரி போய்த் தமிழில் நடத்தும் நாலைந்து ஆசிரியர்கள். இவ்வளவுதான். ஆறாயிரம் கோடித் திட்டத்தில் இதற்கு ஆகும் செலவு கண்ணுக்கே தெரியாது.

மாநில அரசும் ஒதுங்கி நிற்க முடியாது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் இருபது லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ டேப்லெட்டோ தருவதாக அறிவித்தது தமிழ்நாடு அரசுதான். தரும் மடிக்கணினியிலேயே கிஸ்கிட்டையும் தமிழ் விளக்கத்தையும் ஏற்றித் தருவதற்குத் தனியாக ஒரு ரூபாய்கூட ஆகாது. மாணவர்களுக்குத் திறன் பயிற்சி தரும் ‘நான் முதல்வன்’ திட்டத்தில் இதை ஒரு பாடமாகச் சேர்ப்பதும் கடினமான காரியமில்லை. தென்காசி மாவட்டத்துச் சட்டமன்ற உறுப்பினர்களில் ஒருவராவது பேரவையில் இந்தக் கேள்வியை எழுப்ப வேண்டும்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லாதவர்களும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளையின் கணிதப் புத்தகத்தின் முதல் தொகுதியை எடுத்துப் பாருங்கள். முதல் பாடம் அணிகள், இரண்டாவது பாடம் கலப்பெண்கள். குவாண்டம் கணினிக்கு நிரல் எழுதத் தொடங்கத் தேவைப்படும் கணிதம் அந்த இரண்டு பாடங்களில் இருக்கிறது. அதைத் தேர்வுக்காக மட்டும் படிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.